சின்ன விமான நிலையமும் நம்ம ஊரும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஏர்போர்ட்டுல இருந்தவர், அதைப் பத்தியே பேசிடுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் தொண்டூர்க்காரன். சைக்கிளில் செஞ்சிக்கு வந்து பஸ் பிடித்து இந்தக் கல்லூரிக்கு வந்து பி.எஸ்சி. படித்தவன். அப்புறம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் சேர்ந்தபோது அதற்குப் பெயர் தேசிய விமான நிலைய ஆணையம். 1995 ஏப்ரல் 1 ஆம் தேதி அதையும் சர்வதேச விமான நிலைய ஆணையத்தையும் ஒன்றாக்கி இந்திய விமான நிலைய ஆணையம் என்று வைத்தார்கள். பெரிய ஊர்களிலும் இருந்திருக்கிறேன். ஆனால் எனக்கு மனசு ஒட்டியது சின்ன விமான நிலையங்களில்தான். அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இந்தத் தலைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலை 11 ஆம் தேதி யுனெஸ்கோ நம்ம செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர்களின் 12 கோட்டைகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கிறது, மீதி ஒன்று நம்முடையது. அன்றிலிருந்து நான் ஊருக்கு வரும்போதெல்லாம் டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "சார், இனிமே வெளிநாட்டுக்காரங்கள்லாம் வருவாங்களே, செஞ்சிக்கு ஏர்போர்ட் வந்துடுமா?"

வராது என்பதுதான் என் பதில். சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடுவதற்கு 2006-07 இல் அனுமதி கிடைத்தது. சுமார் 70 கிலோமீட்டர்தான் தூரம். அந்த ரயிலின் கூவல் சத்தத்தை நம்மில் யார் கேட்டிருக்கிறோம்? ரயிலே வராத ஊரில் ஏரோப்ளேனுக்குக் காத்திருந்தால் பேரப்பிள்ளைகள் காலம் வந்துவிடும். (சிரிப்பு)

ஆனால் நம்ம ஊருக்கு ஒரு விமான நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அதை நம்முடையது என்று நினைப்பதில்லை. இங்கிருந்து 70 கிலோமீட்டருக்குள், லாஸ்பேட்டையில், புதுச்சேரி விமான நிலையம். அது வேற மாநிலம், வேற அரசாங்கம் என்று விட்டுவிட்டோம். அந்த விமான நிலையம் இருபது முப்பது வருஷமாக மூச்சை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதற்குக் காரணங்களில் ஒன்று நாம்தான் என்று நான் நினைக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் சின்ன விமான நிலையம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஊர் ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் கண்ணாடிக் கட்டிடத்தைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்குக் கட்டிடம் அப்புறம்தான். முதலில் ஓடுபாதை. எவ்வளவு நீளம் என்பதுதான் அந்த நிலையத்தின் தலையெழுத்து. சென்னையில் பெரிய ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். புதுச்சேரியில் சுமார் 1500 மீட்டர். அதாவது ஒன்றரை கிலோமீட்டர், அவ்வளவுதான். ஏர்பஸ் மாதிரி ஜெட் விமானம் முழுப் பாரத்தோடு கிளம்ப 2000 மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் இங்கே விசிறி வைத்த ஏ.டி.ஆர். போன்ற விமானம்தான் வர முடியும். 70, 80 பேர் உட்காரலாம்.

அதிலும் வெயில் ஒரு சங்கதி. இயற்பியல் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். காற்று சூடானால் லேசாகிவிடும். லேசான காற்று இறக்கையைத் தூக்காது, இன்ஜினுக்கும் வலு குறையும். விமானம் எழும்ப இன்னும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். சித்திரை வைகாசியில் மதியம் 40 டிகிரி அடிக்கிறபோது, சின்ன ஓடுபாதையில் அந்தக் கொஞ்ச தூரம் இருக்காது. என்ன செய்வது? பாரத்தைக் குறைக்க வேண்டும். சில பெட்டிகள் இறங்கும், சில சமயம் ஆட்களே இறங்க வேண்டி வரும். "டிக்கெட் வாங்கிட்டேன், என் பெட்டி மட்டும் நாளைக்கு வருமா?" என்று ஒருத்தர் கவுண்டரில் சண்டை போட்டால், பாவம், அங்கே நிற்கிற பையன் ஓடுபாதையைப் பற்றி எப்படி விளக்குவான்? காலை விமானத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் காலை நேரம் கிடைப்பதே அபூர்வம். விமான கம்பெனிகள் காலை நேரத்தைப் பெரிய ஊர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற மதிய நேரத்தைத்தான் சின்ன ஊருக்கு ஒதுக்கும். மதியம் போனால் வியாபாரி வேலையை முடித்துக்கொண்டு அன்றைக்கே திரும்ப முடியாது. அதனால் அவர் அதில் ஏறுவதில்லை. அப்புறம் "கூட்டம் இல்லை" என்று கம்பெனி நிறுத்தும். இதை நான் எத்தனை ஊரில் பார்த்துவிட்டேன் தெரியுமா.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் வந்து அரை மணியில் போனாலும் நிலையத்தில் முழு ஏற்பாடும் இருந்தாக வேண்டும். கோபுரத்தில் ஆள், வானிலை பார்க்க ஆள், காவல். அப்புறம் தீயணைப்பு. வருகிற விமானத்தின் நீளத்தைப் பொறுத்துத் தீயணைப்பு வண்டியின் வகை உண்டு. ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிஷத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. வருஷம் முழுக்க அந்த வண்டி பழகிக்கொண்டே இருக்கும், ஒரு நாள்கூட உண்மையான வேலை வராமல் இருக்கட்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டே இருப்போம்.

பறவைகள் இன்னொரு பெரிய கதை. சுவர் கட்டின பரந்த புல்வெளி என்றால் ஆள்காட்டிக் குருவிக்குக் கொண்டாட்டம், தரையிலேயே முட்டை இடும். புல்லை உயரமாக விட்டால் பூச்சி, எலி. எலிக்குப் பருந்து. வெட்டினால் புழு மேலே வரும், அதற்குக் கொக்கு. எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். நான் இருந்த ஒரு நிலையத்தில் புல் வெட்டுகிற ஆயாவுக்குத்தான் எந்தப் பறவை எந்த மாசத்தில் வரும் என்று துல்லியமாகத் தெரியும். அந்த அம்மாவைக் கேட்டுத்தான் நாங்கள் எழுதி வைப்போம். நிலையத்துக்கு வெளியேயும் இது உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் ஆடு மாடு அறுக்கக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது என்று 1937 ஆம் வருஷத்து விமான விதிகளிலேயே இருக்கிறது. பக்கத்து ஊராட்சி குப்பையைக் கொண்டுபோய் மதில் ஓரம் கொட்டினால் பருந்து வட்டமிடும், விமானி கவலைப்படுவார். அதனால் சுற்றியுள்ள பத்துக் கிராமமும் ஒத்துழைத்தால்தான் விமான நிலையம் நடக்கும். கலெக்டர் ஆபீசில் கூட்டம் போட்டால் மட்டும் போதாது. கிராமத் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். மாடு மேய்க்கப் போகிற வழியைச் சுவர் மறித்துவிட்டதென்றால் அந்தக் கோபம் நியாயமான கோபம். சுற்று வழியாவது சரியாகப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இனி புதுச்சேரி கதைக்கு வருகிறேன். 2013 ஜனவரியில் புது முனையக் கட்டிடம் திறந்து, ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறக்க ஆரம்பித்தது. 2014 இல் நின்றது. 2015 இல் அலையன்ஸ் ஏர் வந்தது, சில மாசத்தில் போனது. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தில் ஐதராபாத்துக்கு மறுபடியும் ஸ்பைஸ்ஜெட். 2020 மார்ச்சில் கொரோனா வந்து நாடே நின்றது. 2022 மார்ச்சில் மீண்டும் ஆரம்பம், 2024 இல் மீண்டும் நிறுத்தம். 2024 டிசம்பர் 20 ஆம் தேதி இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் தொடங்கியது. ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் குத்துவிளக்கு, மாலை, முதல் பயணிக்கு ரோஜாப்பூ. நிற்கும்போது மட்டும் யாரும் வருவதில்லை, பேப்பரில் நாலு வரி வரும்.

இது புதுச்சேரிக்கு மட்டும் வந்த வினை இல்லை. சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காமலாபுரத்தில் 1993 இல் விமான நிலையம் வந்தது. கொஞ்ச காலம் என்.இ.பி.சி. ஓடியது, நின்றது. 2009 இல் கிங்ஃபிஷர் வந்தது, அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்கு விட்டது. அதுவும் போச்சு. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் ஆரம்பித்தன. இரும்பாலை, ஜவுளி, ஜவ்வரிசி என்று இவ்வளவு தொழில் இருக்கிற ஊருக்கே இந்தக் கதி. அதற்கு முன்னால் வாயுதூத் என்று அரசாங்கமே ஒரு கம்பெனி நடத்தியது. 1981 இல் ஆரம்பித்தது, சின்ன ஊர்களுக்கென்றே. 19 பேர் உட்காரும் டார்னியர் விமானம். எங்கள் காலத்து ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு பிரியம் உண்டு. அதுவும் நஷ்டத்தில் மாட்டி 1993 இல் இந்தியன் ஏர்லைன்சோடு கலந்து போனது.

உடான் திட்டம் இதைச் சரிப்படுத்த வந்ததுதான். 2016 இல் அறிவித்தார்கள், 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம். சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகள் 2500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அப்போது வைத்தார்கள். அதில் கம்பெனிக்கு விழுகிற பள்ளத்தை அரசாங்கம் நிரப்பும். மாநில அரசு விமான எரிபொருளுக்கு வரியைக் குறைக்க வேண்டும், போலீசும் தீயணைப்பும் காசு வாங்காமல் தர வேண்டும். நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைத்தாங்கல் மூன்று வருஷத்துக்குத்தான். நாலாவது வருஷம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அப்போதுதான் பல ஊர்களில் விமானம் நிற்கிறது. அமெரிக்காவில் 1978 இல் விமானக் கம்பெனிகளுக்கு எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று சுதந்திரம் கொடுத்தபோதே, சின்ன ஊர்களை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்து ஒரு உதவித் திட்டம் வைத்தார்கள். அது இன்றுவரை நடக்கிறது. பணக்கார நாட்டிலேயே சின்ன ஊர் விமானம் தானாக லாபம் பார்ப்பதில்லை என்றால் இங்கே மூன்று வருஷத்தில் எப்படிப் பார்க்கும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கணிதப் பேராசிரியர் இருக்கிறார், தப்பென்றால் காதைத் திருகலாம். 78 இருக்கை விமானம் ஒன்று தினம் வந்து போகிறது. போக 78, வர 78, ஆக 156. முப்பது நாளுக்கு 4680 இருக்கை. முக்கால்வாசியாவது நிரம்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மாசம் 3500 பேர். புதுச்சேரி நகரம் மட்டும் இதைக் கொடுக்குமா? சுற்றுலாப் பயணி வருவார், ஆனால் அவர் சனி ஞாயிறுதான் வருவார். செவ்வாய்க்கிழமை யார் ஏறுவது? கடலூர், விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று சுற்று வட்டாரம் முழுக்கச் சேர்ந்தால்தான் செவ்வாய்க்கிழமை நிரம்பும். நம்மூர்ப் பையன்கள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் இந்த விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள்? நான் கேட்ட வரைக்கும், "லாஸ்பேட்டையில இறங்கினா அங்கேருந்து செஞ்சிக்கு எப்படி சார் வர்றது? பேசாம பெங்களூர்லயே பஸ் ஏறினா வீட்டு வாசல்ல இறங்கலாம்" என்கிறார்கள்.

பையன் சொல்வது நியாயம்தான். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. புதுச்சேரி விமானத்துக்குப் போட்டி இன்னொரு விமானம் இல்லை. நம்ம செஞ்சி கடைவீதி வழியாகப் போகிற ரோடுதான் போட்டி! கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று வருகிற தேசிய நெடுஞ்சாலை. பெங்களூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி இந்த வழியாகத்தான் கடலைப் பார்க்கப் போகிறார்கள். ரோடு நல்லாக நல்லாக விமானத்துக்கு ஆள் குறையும். நம்ம டீக்கடைக்கு வியாபாரம் கூடும். அதனால் செஞ்சிக்காரனுக்கு அந்த விமானம் வளர வேண்டுமா வேண்டாமா என்றுகூட ஒருத்தர் கேட்கலாம். கேட்டார்கள் என்னை. நான் சொன்னேன், காரில் போகிறவன் கோட்டையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஒரு டீயோடு போய்விடுகிறான். கோட்டைக்கென்றே வருகிறவன் இரண்டு நாள் தங்குவான். ராஜகிரி ஏறி இறங்கினால் அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது என்பது ஏறினவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் டெல்லியிலிருந்தோ புனேவிலிருந்தோ வருவான். பெங்களூரிலோ ஐதராபாத்திலோ மாறி லாஸ்பேட்டையில் வந்து இறங்கினால், அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கோட்டை அடிவாரம். எங்கள் தொண்டூர்ப் பாறையில் சமண முனிவர்களின் படுக்கைகளும் பழைய தமிழி எழுத்தில் கல்வெட்டும் இருக்கிறது. அதைத் தேடி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வழி சொல்ல இப்போது டீக்கடைக்காரரை விட்டால் ஆள் இல்லை.

விமான நிலையத்தின் பயன் டிக்கெட் கணக்கில் மட்டும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னை ஓடுபாதையில் தண்ணீர் ஏறி விமான நிலையத்தையே சில நாள் மூடினார்கள். அப்போது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்துதான் பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். ஊர் சின்னது, ஆனால் ஓடுபாதை நீளமானது. அதுவரைக்கும் அரக்கோணத்தில் விமானம் ஏறுவோம் என்று யாராவது நினைத்திருப்போமா? ஸ்காட்லாந்தில் பார்ரா என்று ஒரு தீவு. அங்கே கடற்கரை மணல்தான் ஓடுபாதை. கடல் உள்வாங்கினால்தான் விமானம் இறங்கும். அதனால் விமான நேர அட்டவணையே கடலைப் பார்த்துத்தான் போடுவார்கள். அந்தத் தீவு மக்களுக்கு அது சுற்றுலா வேடிக்கை இல்லை, தபாலும் ஆஸ்பத்திரியும் அந்த விமானம்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஊர் யாழ்ப்பாணத்துப் பலாலி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். போர் வந்த பிறகு சுற்றியிருந்த கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின, ஜனங்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். பல வருஷங்கள் கழித்து 2019 அக்டோபரில் அதைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் போனது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ராத்திரி முழுக்க பஸ்சில் போய் அங்கிருந்து சென்னைக்கு வருவதற்கும், வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் சென்னையில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை வயசான அம்மா அப்பாவோடு பயணம் செய்தவர்களைக் கேட்டால் தெரியும். அதே சமயம், நிலத்தை இழந்தவர்களுக்கு அந்த ஓடுபாதையைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலம் என்றதும் நம்ம மாவட்டத்துக்கு வந்தாக வேண்டும். புதுச்சேரி ஓடுபாதையை நீட்ட வேண்டுமானால் அந்த மாநிலத்துக்குள் இடம் போதாது. பக்கத்தில் தமிழ்நாட்டு நிலம் வேண்டும், அதாவது நம்ம விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களின் நிலம். எத்தனையோ வருஷமாக இந்தப் பேச்சு நடக்கிறது. புதுச்சேரி கேட்கிறது, தமிழ்நாடு யோசிக்கிறது, டெல்லி கடிதம் எழுதுகிறது. எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, உங்களுக்கு உடன்பாடு இல்லாமலும் இருக்கலாம். ஓடுபாதை நீளாத வரைக்கும் அந்த நிலையம் இப்படியேதான் திறந்து திறந்து மூடும். நீட்டத்தான் வேண்டும். ஆனால் நிலம் கொடுக்கிறவனுக்குக் கொடுக்கிற பணம் அதே வட்டாரத்தில் அதே அளவு நிலம் வாங்கப் போதுமானதாக இருக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகுதான் வேலி போட வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு நிலையத்தில் முதல் வேலை. பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 இல் அறிவித்ததும் ஏகனாபுரம் ஜனங்கள் போராட உட்கார்ந்தார்களே, ஏரியும் வயலும் வீடும் சேர்ந்து போகிறது என்றால் யார்தான் உட்கார மாட்டார்கள்? அது ஆயிரக்கணக்கான ஏக்கர் விவகாரம். லாஸ்பேட்டைக்கு வேண்டியது அதில் ஒரு சிறு பங்கு. சின்ன விஷயமாக இருக்கும்போதே மரியாதையாகப் பேசி முடித்துவிடலாம்.

நாம் என்ன செய்யலாம்? முன்னாள் மாணவர் சங்கம் மனு கொடுத்து ஓடுபாதை நீளாது. ஆனால் ஒரு பஸ் கேட்கலாம். விமானம் வருகிற நேரத்துக்குச் சரியாக லாஸ்பேட்டையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு பஸ். இரண்டு மாநில அரசுப் பேருந்துக் கழகங்களில் யார் விட்டாலும் சரி. நான் வேலை பார்த்த ஒரு ஊரில் இப்படி ஒரு பஸ் விட்ட பிறகு வெளியூர்ப் பயணிகள் வர ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்தேன். கோவிலுக்குப் போகிறவர்களே பாதிப் பேர். திருவண்ணாமலை கிரிவலத்துக்கு ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐதராபாத் விமானமும் ஒரு பஸ்சும் இருந்தால் அவர்களில் கொஞ்சம் பேர் இந்த வழியாக வருவார்கள், செவ்வாய்க்கிழமையும் வருவார்கள். அதோடு அந்த ரயில் பாதையையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரும் பாராளுமன்ற உறுப்பினரும் நம்ம சங்க விழாவுக்கு வருகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறோம். போர்த்தும்போது காதோரம் இதைச் சொல்லலாம் அல்லவா? (கைதட்டல்)

இனி மாணவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. மற்றவர்கள் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளவும்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி. போதும். நம்ம கல்லூரியில் கொடுக்கிற அதே பட்டம். விமான நிலைய ஆணையம் விளம்பரம் கொடுக்கும்போது அதன் சொந்த இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, அப்புறம் குரல் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை. பொதுப் பிரிவுக்கு 27 வயது வரை, மற்ற பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஆங்கிலம் பயமுறுத்தும். நானும் தமிழ் மீடியத்தில் படித்தவன்தான். கோபுரத்தில் பேசுகிற ஆங்கிலம் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் இல்லை. வார்த்தை கொஞ்சம்தான், ஆனால் தெளிவாக, நிதானமாக, தப்பில்லாமல் சொல்ல வேண்டும். தினம் அரை மணி நேரம் சத்தம் போட்டுப் படித்தால் ஒரு வருஷத்தில் வந்துவிடும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. "ஏர்போர்ட்டில் வேலை, ஆறு மாசப் பயிற்சி, உடனே சம்பளம்" என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், போனுக்கும் வரும். லட்சக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் ஒரு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்துப் பெண்ணைச் சேர்த்தது. ஆறு மாசம் கழித்துக் கையில் ஒரு சர்டிபிகேட்டும், நீலக் கலர் கோட்டும்தான் மிச்சம். அந்தப் பெண் இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள், நிலம் இன்னும் மீளவில்லை. நல்ல பயிற்சி நிலையமும் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், போன வருஷம் அங்கே படித்து இப்போது வேலையில் இருக்கிற பத்துப் பேரின் பெயரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர்களில் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு வேலைக்கு ஏஜெண்ட் என்று ஒருவரே கிடையாது. யாராவது "சீட் வாங்கித் தர்றேன்" என்றால் அவர் பொய் சொல்கிறார். சந்தேகம் இருந்தால் சங்க அலுவலகத்தில் என் நம்பர் இருக்கிறது, ராத்திரி பத்து மணிவரைக்கும் பேசலாம். அந்தப் பெண்ணின் அப்பா பணம் கட்டுவதற்கு முந்தின நாள் யாரையாவது கேட்டிருந்தால் அந்த நிலம் அவர்களிடமே இருந்திருக்கும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று எனக்கு வாசனையும் வருகிறது. பஸ் விஷயமாகக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு நகல், புதுச்சேரிப் பக்கம் ஒரு நகல், இரண்டும் இந்த வாரமே போகும்.